நடுவே நிற்கும் தூதன்

இராசிபுரத்தில் என் தம்பியின் வீடு நீண்ட பழைய வீடு. முன்கட்டில் ரூட்டர் இருக்கிறது. அவன் மகள் படிப்பதோ பின்கட்டில். அங்கே வைஃபை எட்டாமையால், அவள் மேசையருகே ரிப்பீட்டர் ஒன்றைப் பொருத்தினர். விளக்கு எரிந்தது, ஆயினும் இணையவழித் தேர்வின் நடுவே தொடர்பு இருமுறை அறுந்தது. பெண் கலங்கிப்போனாள்.

முதலில் ரூட்டரின் அருகே நின்று சோதித்தேன். அங்கே குறையில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் இணைப்பில் பழுதில்லை. ரிப்பீட்டர் இருந்த இடமே பிழை.

வயலின் மறுகோடியில் இருப்பவருக்குச் சேதி சொல்ல நடுவே ஒருவரை நிறுத்துகிறோம். தம் காதில் விழாத சொல்லை அவர் எங்ஙனம் திருப்பிச் சொல்வார்? ரிப்பீட்டரும் அத்தகையதே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அது சுவரைக் கடக்கையில் வலுவிழக்கும். இரும்புப் பீரோவில் பட்டால் திரும்பிவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் இன்னும் மிகுதியாகத் தேயும்.

ரிப்பீட்டரை நடுக்கூடத்தில், பீரோ மறைக்காத இடத்தில் வைத்தோம். தொடர்பு நிலைத்தது. ஆனால் வேகம் ஏறத்தாழப் பாதியே. ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதும் ஒருங்கே நிகழா அன்றோ? முழு வேகம் வேண்டுவோர் கம்பி இழுத்துக்கொள்வதே நன்று.

அடுத்த தேர்வை அப்பெண் அமைதியாக எழுதி முடித்தாள்.