கணவாயில் ஒரு மோட்டார் சைக்கிள்
லடாக்கின் கர்துங் லா கணவாய் ஏறத்தாழ 5,350 மீட்டர் உயரமுடையது. அதன்மீது ஏறுகையில் என் வண்டி தளர்ந்தது. 2023இல் வெளிவந்த ‘ஹிமாலயன் 450’ அது. சமவெளியில் 40 குதிரைத்திறன் தருவது. பழுதோ என்று அஞ்சினேன். பழுதன்று, அங்கே காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதிதான். காற்றின் அளவறிந்து பெட்ரோலைக் குறைத்துத் தெளிக்கும் மின்னணுக் கருவி உண்டு. இல்லாத காற்றை அஃது எங்ஙனம் படைக்கும்? கியரைக் குறைத்தேன், வேகம் குன்றியது, சக்கரத்தின் இழுவிசை மிகுந்தது, வண்டி ஏறிற்று. முன்சக்கரம் 21 அங்குலம். ஆதலின் சிறு பள்ளங்களில் விழாமல் உருண்டு கடந்தது. பனியில் மட்டும் சறுக்கிச் சாய்ந்துவிட்டது. எடையோ 196 கிலோ. காற்றுக் குறைவு எனக்கும்தானே! எதிரே வந்த லாரி ஓட்டுநர் இறங்கிக் கைகொடுத்தார்.