மதுரையில் இரண்டு நாள்: கோயிலோடு திரும்பி விடாதீர்கள்!

மதுரைக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மீனாட்சியைத் தரிசித்தோம், சுங்குடிச் சேலை எடுத்தோம், ஜிகர்தண்டா குடித்தோம், பஸ் ஏறிட்டோம்" என்பார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மனிதர்கள் விடாமல் குடியிருக்கும் ஊரை ஒரே நாளில் முடித்து விடலாமா சகோதரிகளே?

இந்தத் தடவை நாங்கள் இரண்டு முழு நாள் ஒதுக்கினோம். முழங்கால் வலிக்கார மாமியார், எட்டாவது படிக்கும் என் பெண், இரண்டு வயதுக் குழந்தையோடு நாத்தனார், என் வீட்டுக்காரர், நான். இப்படி ஒரு பட்டாளத்தோடு போனாலும் நிம்மதியாகப் பார்க்க முடியும். வழி சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் நாள்: ஊருக்குள்ளே

கோயிலுக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பிராகாரத்துக் கல் கொதிக்கும். குழந்தையின் பிஞ்சுக் கால் தாங்காது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அதற்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான்! படம் பிடிக்கிற அவசரம் இல்லாததால், என் பெண் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒவ்வொரு தூணாக நின்று பார்த்தாள். பெயர்தான் ஆயிரம், இருப்பது 985 தூண்கள். 1569-ல் அரியநாத முதலியார் கட்டியது. இசைத் தூண்களைக் கல்லால் தட்டிப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஆளுக்கு ஒரு தட்டு என்றால் அந்தக் கல் என்னத்துக்கு ஆகும்?

காலைச் சாப்பாடு முடிந்ததும் திருமலை நாயக்கர் மகால். 1636-ல் கட்டிய அரண்மனை. பருத்த வெள்ளைத் தூண்களை எங்கள் வீட்டில் மூன்று பேர் கை கோத்தும் கட்டிப் பிடிக்க முடியவில்லை. மேலே பார்த்தால் சுதை வேலைப்பாடு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசினார்களாம். "அடேயப்பா, இவ்வளவு பெரிசா!" என்று மாமியார் வாயைப் பிளந்தார். ஆனால் நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால் பங்குதான்! திருமலை மன்னரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, இதில் பெரும் பகுதியை இடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியதும் பாழாகிக் கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்க ஏற்பாடு செய்ததால்தான் இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கிறது.

இங்கே ஒரு வருத்தம். தூண்களில் எத்தனை பெயர்கள், எத்தனை இதயப் படங்கள்! ஆணியால் கீறிய காதல் எத்தனை நாள் நிலைத்ததோ, கீறல் மட்டும் நிலைத்துவிட்டது.

மதியம் இரண்டு மணி நேரம் கட்டாயம் ஓய்வு. குழந்தை தூங்கட்டும், பெரியவர்கள் காலை நீட்டட்டும். சாயங்காலம் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம் இது. 1959-ல் நேரு திறந்து வைத்தார். காந்தி சட்டை, தொப்பியை விட்டு அரை வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில் இதே மதுரையில்தான் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் படித்தது அப்போதுதான் மனசில் உட்காரும்.

இரண்டாம் நாள்: ஊருக்கு வெளியே

காலையில் கீழடி. மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான், சிவகங்கை மாவட்டம். 2015-ல் தோண்ட ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்திலேயே, 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீடு மாதிரி அழகான அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வார விடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ராஜா ராணிக் கதையெல்லாம் இங்கே இல்லை. எல்லாம் நம்மைப் போன்ற வீட்டுக்காரர்களின் சாமான்! சட்டி, பானை, நூல் நூற்கிற தக்களி, பாசிமணி, தாயம் உருட்டுகிற பகடை, உறைகிணறு. பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளைப் பார்த்ததும் மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க பாண்டி விளையாடினது இதே சில்லுலதான்டி!" என்றார். பானையில் 'ஆதன்' என்று சொந்தக்காரர் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். நாம் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதே பழக்கம்!

அங்கிருந்து மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சமண முனிவர்கள் தங்கிய குகை, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழி எழுத்து, பாறையில் செதுக்கிய மகாவீரர், பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில் எல்லாம் ஒரே கிராமத்தில். மாமியாரும் குழந்தையும் கீழே மர நிழலில் இருந்துகொண்டார்கள். நாங்கள் மட்டும் மெதுவாக ஏறினோம்.

இந்த இடம் நமக்கு மிஞ்சிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2022-ல் இதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இருந்தும் 2024 நவம்பரில், இதையும் சேர்த்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வைக்க ஏலம் விட்டாயிற்று என்று செய்தி வந்தது. சுற்றுவட்டார ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கில் மதுரை வரைக்கும் பேரணியாக வந்தார்கள். பெண்களும் திரண்டு வந்தார்கள். அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரண்மனையில் முக்கால் பங்கு போனபோது கேட்க ஆளில்லை. இங்கே கேட்க ஆள் இருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

கிளம்பும் முன் சில குறிப்புகள்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். சித்திரை, வைகாசி வெயிலில் குழந்தைகளைப் படுத்த வேண்டாம்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். கைக்குழந்தைக்கு ஃப்ளாஸ்கில் வெந்நீர் தனியாக இருக்கட்டும். ஊருக்கு வெளியே போகும் நாளில் புளியோதரையும் எலுமிச்சம் சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தை மற்றவர்கள் பார்க்கட்டும்.

பை, செருப்பு, குழந்தை மூன்றையும் நீங்களே சுமக்காதீர்கள். ஆளுக்கு அரை மணி என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மகால் தாழ்வாரத்தில் உலாத்த, நானும் நாத்தனாரும் தலையை அண்ணாந்து நிதானமாகப் பார்த்தோம். நமக்கும் கண் இருக்கிறதல்லவா!

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் கையில் ஆணியோ சாக்குக்கட்டியோ இருந்தால் முதலில் வாங்கி வையுங்கள். பழைய கல்லைத் தொடாமல் பார்க்கத் தெரிந்த பிள்ளை, நாளைக்கு அதற்கு ஒரு ஆபத்து என்றால் முதல் ஆளாகப் போய் நிற்கும்.