உப்பை விட ஈரச்சாக்கு மேல்

ஜொகூரில் ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்டால் லயத்துக் கொல்லையில் கீரை நாற்று மிஞ்சுவதில்லை. இராத்திரியில் நத்தை மேய்ந்துவிடுகிறது. மங்கில் பால் குடிக்கும் ஓடில்லா நத்தையைப் பால்மரம் வெட்டுவோர் அறிவர். பெரிய ஓட்டு நத்தையோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குப் போய், பிறகு இலங்கை, மலாயா என்று பரவியது. ஏறக்குறைய நம் பாட்டன்மாரைப் போலத்தான்!

தாய்மார்கள் பலர் உப்பைத் தூவுகிறார்கள். நத்தை சாகும்; உப்பு மண்ணில் தங்கிச் செடியையும் வாட்டும். அடுப்புச் சாம்பல் காய்ந்திருக்கும் வரைதான் காக்கும். முட்டை ஓட்டை நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 2018-இல் சோதித்து, பயனில்லை என்று சொல்லிவிட்டது.

மாலையில் நனைத்த சாக்கைப் பாத்தியோரம் விரித்து, அடியில் கோஸ் இலை வையுங்கள். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் அங்கே பதுங்கியிருக்கும். குச்சியால் சோப்பு நீர் வாளியில் தள்ளுங்கள். வெறுங்கை ஆகாது. எலியின் நுரையீரல் புழுவினுடைய குஞ்சுகள் நத்தைக்குள் இருக்கக்கூடும். அவை வயிற்றுக்குள் போனால் மூளைச் சவ்வு வீங்கும். ஆகவே பிள்ளைகளை நத்தையோடு விளையாட விடாதீர்கள். கீரையை இலை இலையாக அலசி வேகவையுங்கள். செத்த நத்தையின் ஓட்டில் மழைநீர் தேங்கிக் கொசு வளரும். உடைத்துப் புதையுங்கள்.