அடுப்பு மேலே, சிலிண்டர் கீழே

எண்பதுகளில் ஒரு வீட்டுக்கு கேஸ் வருகிறது என்றால் அது தெருவுக்கே சேதி. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கென்று கேஸ் இணைப்புக்குத் தனிக் கோட்டா இருந்தது. அந்தக் கூப்பன் கிடைக்குமா என்று கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. பம்பாயில் பர்மா ஷெல் 1955இல் 'பர்ஷேன்' என்ற பெயரில் தொடங்கியதும், 1965இல் கல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு கொடுக்கப்பட்டதும் பெரிய நகரத்துச் சங்கதிகள். நம் சிற்றூர்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் விறகும் உமியும் ரேஷன் கிருஷ்ணாயிலும்தான். 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி நாளிதழில் வராத வாரம் அபூர்வம். அவற்றில் எத்தனை ஸ்டவ் உண்மையில் தானாக வெடித்தது என்பது வேறு கதை.

அப்படி அலைந்து வாங்கிய இணைப்பைக் கொடுக்குமுன் ஏஜென்சி ஆள் வந்து சமையலறையைப் பார்ப்பார். மேடை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. தரையில் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருந்த வீடுகளில் அவசர அவசரமாக இரண்டு செங்கல் சுவர் எழுப்பி மேலே ஒரு கடப்பாக்கல்லைப் போட்டார்கள். தமிழ்நாட்டுப் பெண்களைச் சமையலறையில் எழுந்து நிற்க வைத்ததில் கேஸ் அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். முட்டிவலியோடு நின்றவர்கள் அதற்கு நன்றி சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மேடை கேட்டது வசதிக்காக அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் வெளியே வந்ததும் சுமார் 250 மடங்கு விரியும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு படர்ந்து, மேடைக்கடியிலும் மூலையிலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால் சுடர் மேலே, சிலிண்டர் கீழே, நிமிர்ந்த நிலையில். அதே காரணத்துக்காக சமையலறைத் தரையில் இருந்த சாமி விளக்கு வேறிடத்துக்குப் போனது.

அந்தக் காலத்தில் பயம் நிறைய இருந்தது, சாமான்கள் சுமார். பச்சை ரப்பர் டியூப் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வெடித்துவிடும், எலியும் கடிக்கும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க வால்வின் மேல் தீக்குச்சியைக் காட்டிய மகானுபாவர்களும் இருந்தார்கள். அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று தெரியாததால், கடைசிச் சொட்டையும் எடுக்க சிலிண்டரைப் படுக்கப் போடுவார்கள், வெந்நீர் அண்டாவில் நிற்க வைப்பார்கள். படுக்கப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போய், அடுப்பில் சுடர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பக்கூடும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் பயம் ஒரு வேலையைச் செய்தது. இரவு படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவது வாசல் கதவைத் தாழிடுவது மாதிரி ஒரு கடமையாக இருந்தது. 'மூடினியா?' என்று படுக்கையிலிருந்து ஒரு குரல் கேட்காத வீடு இல்லை.

இன்று சாமான்கள் எவ்வளவோ மேல். ரெகுலேட்டரைக் கழற்றினால் தானே மூடிக்கொள்ளும் வால்வு. 'டக்' என்று உட்காரும் ரெகுலேட்டர். உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப். மணமே இல்லாத வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலப்பது முன்பே உண்டு. 2016 முதல் 1906 என்ற இருபத்து நான்கு மணிநேர அவசர எண்ணும் இருக்கிறது. இத்தனையும் வந்த பிறகு ஒன்று மட்டும் குறைந்துவிட்டது: குனிந்து பார்ப்பது.

மாடுலர் கிச்சன் அதற்கு நல்ல உதாரணம். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று சிலிண்டரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம். பல வீடுகளில் அந்த அலமாரியின் அடிப்பக்கத்தில் காற்றோட்டத்துக்கு ஒரு துவாரம்கூடக் கிடையாது. கனமான வாயு தேங்குவதற்கென்றே பெட்டி செய்து வைத்த மாதிரி. அலமாரிக்குப் பின்பக்கம் துளையிட்டு டியூப்பை மறைத்து இழுத்துப் போயிருப்பார்கள். அது மடிந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும். டியூப் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, நடுவில் ஒட்டுப்போடக் கூடாது. அதன் மேலேயே தேதி அச்சிட்டிருக்கிறது. ஐந்து ஆண்டு ஆனால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

'அம்மா, டியூப்பு தேதி போயிடுச்சு, மாத்திடுங்கம்மா' என்று சிலிண்டர் போடுகிறவர் சொல்வார்.

'நல்லாத்தானேப்பா இருக்கு? அடுத்த தடவை பாத்துக்கலாம்.'

இந்த உரையாடலாவது அவர் சமையலறைவரை வந்தால்தான் நடக்கும். முன்பெல்லாம் சைக்கிளில் இரண்டு பக்கமும் சிலிண்டரைத் தொங்கவிட்டு வந்தவர், அடிவளையத்தின் விளிம்பில் உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, தானே மாட்டி, அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டி, கேஸ் புத்தகத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார். இன்று போனில் வந்த எண்ணைச் சொன்னதும் அபார்ட்மெண்ட் வாசலிலேயே இறக்கிவிடுகிறார். செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்கிறார். எடை போட்டுக் காட்டுவதும் கசிவு பார்த்துக் கொடுப்பதும் டெலிவரி செய்பவரின் கடமை என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. கேட்பதற்கு ஆள்தான் வீட்டில் இல்லை.

கேட்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. சிலிண்டரின் தலைவளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்புறம் 'பி 27' என்பதுபோல ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். பி 27 என்றால் 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பிவிடலாம். காலி எடையும் சிலிண்டர் மேலேயே பொறித்திருக்கும், அதனோடு 14.2 கிலோவைக் கூட்டினால் தராசு என்ன காட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். வெள்ளை மூடியைக் கயிறோடு இழுத்தெடுத்து, வால்வின் உள்ளே கறுப்பு வாஷர் இருக்கிறதா என்று எட்டிப்பார்த்து, ரெகுலேட்டரை மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவ வேண்டும். குமிழி வந்தால் கசிவு. இதற்குக் காபி ஆறும் நேரம்கூட ஆகாது.

2007இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியபோதும், 2016இல் உஜ்வலா வந்தபோதும் கேஸ் குடிசைகளுக்குள் போனது. நல்ல காரியம், புகையில் கண்ணெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். ஆனால் மேடை கட்ட இடமில்லாத ஒற்றை அறையில் அடுப்பும் தரையில், சிலிண்டரும் தரையில், பக்கத்திலேயே விறகடுப்பு. எண்பதுகளில் நடுத்தர வீடுகளில் மேடை கேட்ட கண்டிப்பை இங்கே யாரும் முழுதாகக் காட்டவில்லை. இரண்டு செங்கல் சுவரும் ஒரு கல் பலகையும் அடுப்போடு சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

விபத்துகள் பெரும்பாலும் விடியற்காலையில் நடப்பதாகத்தான் செய்திகளில் படிக்கிறோம். இரவெல்லாம் மூடிய அறையில் வாயு தேங்கியிருக்கும். தூக்கக் கலக்கத்தில் எழுந்து வருகிறவர் லைட்டைப் போடுவார். அந்தச் சின்னப் பொறி போதும். நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் கூடவே கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் நின்று 1906க்குப் பேச வேண்டும். அதையும் மீறி அசம்பாவிதம் நடந்தால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீட்டில் உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய் வரை உண்டு. வாடிக்கையாளர் தனியாக எதுவும் கட்டுவதில்லை. இப்படியொரு காப்பீடு இருப்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது.

இப்போது அடுத்த மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. எண்ணூரில் 2019இல் எல்.என்.ஜி. முனையம் திறந்தபின், சென்னை முதலான இடங்களில் குழாய் வழி இயற்கை எரிவாயு வீட்டுக்குள் வரத் தொடங்கியிருக்கிறது. அது மீத்தேன், காற்றைவிட லேசானது. கசிந்தால் தரையில் தேங்காமல் கூரைக்கு ஏறும். ஆகவே காற்றோட்டம் அறையின் மேல்பகுதியில் வேண்டும். பழைய அடுப்பை அப்படியே குழாயில் மாட்டவும் முடியாது. பர்னரின் ஜெட்டை மாற்ற வேண்டும், அதை அந்த நிறுவனத்தின் ஆள்தான் செய்ய வேண்டும். குழாய் வந்த பிறகும் 'இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்' என்று பழைய சிலிண்டரை மேடைக்கடியிலேயே விட்டு வைத்திருக்கிற வீடுகளில், கீழே ஒரு துவாரமும் மேலே ஒரு துவாரமும் இரண்டுமே வேண்டியிருக்கும்.