இணையதளத்தில் முளைக்கும் கோரை

வேர்க்கடலைக் கொல்லையில் கோரை புகுந்துவிட்டால் என்ன பாடு என்பது திருவண்ணாமலைப் பக்கத்து உழவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேலே தெரியும் புல்லை அறுத்து எறிந்தாலும் சில நாட்களில் அது மீண்டும் தலைகாட்டும். மண்ணுக்குள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும் கிழங்குகளே அதற்குக் காரணம். இணையதளங்களிலும் இத்தகைய களை ஒன்று உண்டு. அதற்கு நச்சுநிரல் என்று பெயர்.

வேங்கிக்காலில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவர் இணையதளம் வைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பௌர்ணமி நெருங்குகிறது. கிரிவலம் வர விரும்பும் வெளியூர் அன்பர் ஒருவர் தேடுபொறி வழியாக அத்தளத்தைத் திறக்கிறார். வந்து நிற்பதோ ஒரு சூதாட்டப் பக்கம்! செய்தி கேட்டு, உரிமையாளர் தம் கணினியில் முகவரியைத் தட்டிப் பார்க்கிறார். எல்லாம் சரியாகவே இருக்கிறது. இது எப்படி?

நச்சுநிரல் வருகிறவரை அடையாளம் பார்க்கிறது. தேடுபொறியிலிருந்து வருகிறவரையும், கைப்பேசியில் வருகிறவரையும் மட்டும் திசைதிருப்பிவிட்டு, நேரே வருகிற உரிமையாளரிடம் ஒளிந்துகொள்கிறது. எப்படியோ அதைக் கண்டுபிடித்து அழித்தாலும், அடுத்த பௌர்ணமிக்குள் மீண்டும் முளைத்துவிடுகிறது.

திருப்பதியில் கண்டது

இது சிறு தளங்களுக்கு மட்டும் நேரும் துன்பமன்று. திருப்பதி மாநகராட்சியின் தளம் உட்பட ஆந்திர அரசின் தளங்கள் சிலவற்றில் வேண்டாத நிரல் ஒன்று புகுத்தப்பட்டிருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்த செய்தி 2018 செப்டம்பரில் வெளிவந்தது. ‘காயின்ஹைவ்’ என்ற அந்த நிரல், பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவரின் கணினியைக் கொண்டே ஓயாமல் கணக்குப் போடவைத்து, ‘மொனேரோ’ என்னும் மின்காசை ஈட்டும். மின்சாரம் பார்வையாளருடையது; காசு மட்டும் வேறொருவருக்கு! காயின்ஹைவ் சேவை 2019 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் பிறர் தளத்தில் நிரலைப் புகுத்தும் வழிகள் அதனோடு மூடப்படவில்லை.

ஏழு மணி நேரம்

துடைத்த தளம் மீண்டும் கெடுவது ஏன்? ‘துருபல்’ என்பது உலகெங்கும் இணையதளங்கள் அமைக்கப் பயன்படும் ஒரு மென்பொருள். 2014 அக்டோபர் 15 அன்று அதன் பாதுகாப்புக் குழு ஒரு பெரிய ஓட்டையை அறிவித்து, அதை அடைக்கும் திருத்தத்தையும் வெளியிட்டது. சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. ‘ஏழு மணி நேரத்துக்குள் திருத்தாத தளம் ஒவ்வொன்றும் கெட்டுவிட்டதாகவே கருதுக’ என்ற கருத்தில் அக்டோபர் 29 அன்று அக்குழு மீண்டும் எச்சரித்தது. நம் நாட்டுக் கணக்கில் அந்தக் கெடு 16ஆம் தேதி விடியற்காலை 4.30 மணி. நம்மில் பலர் உறங்கும் நேரம்!

அதே எச்சரிக்கையில் இன்னும் இரு செய்திகள் இருந்தன. ஓட்டையை அடைப்பதால் முன்பே உள்ளே புகுந்தவன் வைத்த பின்கதவு நீங்கிவிடாது என்பது ஒன்று. மற்றொன்று வியப்பானது. சில இடங்களில் புகுந்தவனே ஓட்டையை அடைத்தும் விடுகிறான். வேறு எவனும் பங்குக்கு வந்துவிடக் கூடாதல்லவா?

கிழங்குகள் எங்கே?

ஆகவே புல் வேறு, கிழங்கு வேறு. கிழங்குகள் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. படங்கள் வைக்கும் அடைவில் படம்போல் பெயரிட்ட ஒரு நிரல். நிர்வாகிகள் பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒரு பெயர். குறித்த நேரத்தில் தானே இயங்கி, அழித்ததை மீண்டும் எழுதும் ஒரு கட்டளை. தரவுத்தளத்தின் நடுவே ஒரு வரி. சில வேளைகளில் கிழங்கு தளத்திலேயே இராது. உரிமையாளரின் கணினியில் இருக்கும். 2009இல் பரவிய ‘கம்ப்ளர்’ என்ற நச்சுநிரல் கணினிகளில் புகுந்து, தளங்களுக்குக் கோப்பு அனுப்பும் கடவுச்சொற்களைத் திருடியது. அவற்றைக் கொண்டு அத்தளங்களும் கெடுக்கப்பட்டன. அப்படிப்பட்ட கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினால் புதிய சொல்லும் திருடன் கைக்கே போகும்.

கோப்புகளுக்கும் கைரேகை

ஆயிரக்கணக்கான கோப்புகளில் மாற்றப்பட்டது எது என்று கண்டுபிடிக்க ஓர் அழகிய வழி உண்டு. ‘ஷா-256’ என்ற கணித முறையில், எவ்வளவு பெரிய கோப்புக்கும் 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியைக் கணக்கிடலாம். கோப்பில் ஒரே ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் குறி முற்றிலும் வேறாகிவிடும். மென்பொருளின் மூலப்படியில் உள்ள கோப்புகளின் குறிகளையும் உங்கள் தளத்துக் கோப்புகளின் குறிகளையும் கணினி ஒப்பிட்டால், திருத்தப்பட்ட கோப்பு உடனே காட்டிக்கொடுக்கும். மூலத்தில் இல்லாத புதிய கோப்புகளும் வெளிப்படும்.

எதற்குப் பின் எது?

துப்புரவில் வரிசை மிக முக்கியம். முதலில் தளத்தைப் பொதுமக்கள் காணாதபடி மூடுங்கள். கெட்ட நிலையிலேயே ஒரு நகலும், வருகைப் பதிவேடும் எடுத்து வையுங்கள். திருடன் வந்த வழியை அவையே சொல்லும். அடுத்து, உங்கள் கணினியைத் தூய்மை செய்யுங்கள். பிறகு பழைய மென்பொருளை முழுவதும் நீக்கி, மூலத்திலிருந்து புதிய பதிப்பை நிறுவுங்கள். தாக்குதலுக்கு முந்தைய காப்புநகல் இருந்தால் உங்கள் படங்களையும் தகவல்களையும் அதிலிருந்து மீட்கலாம். பயன்படாத துணை நிரல்களை நீக்குங்கள். தரவுத்தளம், நிர்வாகிகள் பட்டியல், தானியங்கிக் கட்டளைகள் மூன்றையும் சோதியுங்கள். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். இவ்வளவும் முடிந்த பின்னரே கதவைத் திறக்க வேண்டும்.

இனி வராமல் காக்க மூன்று பழக்கங்கள் போதும். திருத்தம் வெளிவந்ததும் நிறுவுவது. படங்கள் வைக்கும் அடைவில் எந்த நிரலும் இயங்காதபடி தடுப்பது. காப்புநகலைத் தளம் இருக்கும் கணினிக்கு வெளியே வைப்பது. வீட்டுச் சாவியின் மறுபிரதியை அதே வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவோமா?

வேங்கிக்காலிலுள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஓர் இணையதளம் உண்டு. பல மாவட்டங்களின் தளங்களைப் போல அதுவும் தேசிய தகவலியல் மையத்தின் பொதுக் கட்டமைப்பில் அமைந்தது. பொதுக் கட்டமைப்பில் ஓர் ஓட்டையை ஓரிடத்தில் அடைத்தால் எல்லாத் தளங்களிலும் அடைபடும். தனித் தளம் வைத்திருக்கும் விடுதிக்காரருக்கும் பள்ளிக்கும் அந்த வசதி இல்லை, அவர்களே காவலாளிகள். 2022ஆம் ஆண்டின் ஆணைப்படி, நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய அரசு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

நச்சுநிரல் இரண்டாம் முறை முளைத்தால், ‘எதை அழிப்பது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எவ்வழியே வந்தது?’ என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைக்கும்வரை துப்புரவு முடிந்ததாகாது.