டேஷ்போர்டுல சிவப்பு லைட் எரிஞ்சா இன்ஷூரன்ஸ் காப்பாத்துமா?

கார் வாங்கும்போது இஎம்ஐ, பெட்ரோல், இன்ஷூரன்ஸ் மூணையும் கணக்குப் போடுறோம். ரிப்பேருக்குன்னு யாரும் தனியா எடுத்து வைக்கிறதில்லை.

உங்க காரை யார் செக் பண்றாங்க?

டாக்ஸின்னா 8 வருஷம் வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம் எஃப்சி எடுக்கணும். சொந்த காருக்கு ஆர்சி 15 வருஷம் செல்லும். அதுவரைக்கும் எஃப்சி கிடையாது. பொல்யூஷன் சர்டிபிகேட் புகையை மட்டும்தான் பார்க்கும், பிரேக்கைப் பார்க்காது. அதனால வண்டியில என்ன கோளாறுன்னு உங்களுக்குச் சொல்ல இருக்கிறது அந்த லைட் மட்டும்தான்.

இன்ஷூரன்ஸ் என்ன சொல்லுது?

காம்ப்ரிஹென்சிவ் பாலிசியா இருந்தாலும் தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டுக்கும் க்ளெய்ம் கிடையாது. இன்னொரு கண்டிஷனும் உண்டு: வண்டி பழுதான பிறகு, சரி பண்ணாமலே ஓட்டி சேதம் அதிகமானா அந்தச் செலவு உங்களுடையது. ஆயில் லைட் எரிஞ்சும் ஓட்டி என்ஜின் ஜாம் ஆச்சுன்னா, சில நூறு ரூபாய் ஆயிலோட முடிஞ்சிருக்க வேண்டியது லட்சக் கணக்குல போயிடும்.

கலரைப் பாருங்க

- சிவப்பு (ஆயில் பிரஷர், என்ஜின் சூடு, பிரேக்): ஓரமா நிறுத்தி என்ஜினை ஆஃப் பண்ணுங்க. பிரேக் லைட்னா முதல்ல ஹேண்ட் பிரேக் போட்டிருக்கான்னு பாருங்க.
- மஞ்சள் (செக் என்ஜின், ஏபிஎஸ்): ஓட்டலாம், ஆனா சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரிஞ்சா நிறுத்திடுங்க. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிட்டா பெரிய செலவு.
- ஏர்பேக் லைட்: வண்டி நல்லாத்தான் ஓடும். விபத்துல பை விரியாம போகலாம். தள்ளிப்போடாதீங்க.

இந்த மாசமே செய்ய வேண்டியது

1. மாசம் ₹1,000-க்கு ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு ₹12,000 சேரும். அதை வண்டிக்கு மட்டும் எடுங்க.
2. இன்ஷூரன்ஸ் ரினியூவல் வர்ற மாசத்துல பிரேக், டயர், லைட், ஸ்டியரிங் எல்லாத்தையும் மெக்கானிக்கிட்ட காட்டுங்க. அதுதான் உங்க எஃப்சி.
3. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறீங்களா? ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்க. வார்னிங் லைட் எல்லாம் ஒரு தடவை எரியணும். செக் என்ஜின் லைட்டோ ஏர்பேக் லைட்டோ எரியவே இல்லைன்னா, பழுதை மறைக்க யாராவது கழட்டி வச்சிருக்கலாம். ஸ்கேன் பண்ணாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

இப்ப உங்க டேஷ்போர்டுல எந்த லைட் எரியுது? கமெண்ட்ல சொல்லுங்க.