கருவிழியில் உண்டாகும் பூசணப் புண்

அறுவடையிலும் போரடியிலும் நெற்சுணையோ, கரும்புச் சோகையோ கண்ணில் பட்டு உறுத்துவது குடியானவர்களுக்குச் சாதாரண நிகழ்ச்சி. பெரும்பாலும் அது ஓரிரு நாட்களில் தானே ஆறிவிடும். ஆறாத சில கண்களில் கருவிழியின் மேல் புண் உண்டாகி, அது முற்றிப் பூ விழுந்து, பார்வை அடியோடு கெடுகிறது. இவ்விதப் புண்களுள் பூசணத்தால் வருவது மிகவும் கொடியது. உரிய காலத்தில் உரிய மருந்து கிடைத்தால் பார்வையைக் காக்கலாம். தாமதித்தால் கண்ணையே இழக்க நேரிடும். ஆகையால் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இதன் தன்மையை அறிந்திருத்தல் அவசியம்.

காரணம்

பூசணம் பயிருக்குச் செய்யும் தீங்கை விவசாயிகள் நன்கு அறிவார்கள். பருத்தியிலும் வாழையிலும் வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் இனத்தைச் சேர்ந்த பூசணங்களே தென்னாட்டில் கண்ணையும் அதிகமாய்த் தாக்குகின்றன. நிலக்கடலையிலும் ஈரம் பட்ட தானியத்திலும் படரும் ஆஸ்பர்ஜில்லஸ் இனம் அதற்கு அடுத்தது. இவற்றின் நுண்ணிய வித்துக்கள் மண்ணிலும், சருகிலும், வைக்கோல் தூசியிலும் நிறைந்துள்ளன. கருவிழியின் மேல்தோல் பழுதின்றி இருக்கும்வரை அவை உட்புகுதல் அரிது. சுணையோ, முள்ளோ, வீசிய மாட்டு வாலோ கீறிய இடமே அவற்றுக்கு வாயிலாகிறது.

1994-ஆம் ஆண்டில் மதுரையில் மூன்று மாத காலத்தில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைப் பரிசோதித்ததில், 284 பேர் முன்னர்க் கண்ணில் காயம் பட்டவர்கள் எனத் தெரிந்தது. கிருமி இன்னதென்று கண்டறியப்பட்ட 297 பேரில் 139 பேருக்குப் பூசணம் ஒன்றே காரணமாயிருந்தது.

அறிகுறிகள்

காயம் பட்டவுடன் புண் தோன்றுவதில்லை. சில நாட்கள் சென்றபின் கண் சிவந்து, வலித்து, நீர் வடியும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கருவிழியின் மேல் சாம்பல் கலந்த வெண்மையான புள்ளி தோன்றி, அதன் ஓரம் இறகுபோல் பிரிந்து பரவும். தொற்றுக் கண்வலியில் கருவிழி பொதுவாகத் தெளிவாகவே இருக்கும். வெண்புள்ளி கண்டால் அதைச் சாதாரணக் கண்வலி என்று கருதலாகாது.

செய்யத் தகாதவை

விழுந்த உமியை நாவினால் எடுத்தல், தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விளக்கெண்ணெயோ விடுதல் ஆகியவை புண்ணில் புதிய கிருமிகளைச் சேர்க்கக்கூடும். அதனினும் கேடானது, கடையில் தாமாகவே வாங்கி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விடுவதாகும். அது முதலில் சிவப்பையும் வலியையும் தணிக்கும். ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடுவதால், நோயாளி குணமாவதாக நம்பியிருக்கும்போதே பூசணம் உள்ளே ஆழமாக இறங்கிவிடும்.

சிகிச்சை

கண் வைத்தியர் புண்ணிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, காரக் கரைசல் இட்டு, பூதக்கண்ணாடிக் கருவியில் நோக்குவார். பூசண இழைகள் இருந்தால் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். பாக்டீரியாப் புண்ணுக்கு உரிய மருந்து பூசணத்தைக் கொல்லாதாகையால் இப்பரிசோதனை இன்றியமையாதது.

இழைப் பூசணங்களுக்கு 5 சதவீத நேட்டமைசின் சொட்டு மருந்தே முதன்மையானது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த பொருள் இது. தென்னிந்தியக் கண் ஆஸ்பத்திரிகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2013-இல் வெளியான சோதனையில், விலையுயர்ந்த வோரிகோனசோல் மருந்தைவிட இது மேலானதென நிரூபிக்கப்பட்டது. கருவிழி துளைபட்டோ, அவசரமாய் மாற்று விழி பொருத்த வேண்டியோ வந்தவர்கள் வோரிகோனசோல் பெற்றோரில் 34 பேர். நேட்டமைசின் பெற்றோரில் 18 பேரே.

மருந்து அடியில் படிவதால் புட்டியை ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்க வேண்டும். ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறையும், பின்னர் வைத்தியர் சொற்படி இடைவெளி விட்டும், பல வாரங்கள் இடவேண்டும். இம்மருந்து ஆழ்ந்த புண்ணுக்குள் எளிதில் ஊடுருவாது. ஆரம்பத்திலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதும், வலி குறைந்ததும் நிறுத்தலாகாது என்பதும் இதனாலேயே. முற்றிய புண்ணுக்கு இறந்தவர் தானமளித்த கருவிழியைப் பொருத்துவதே வழி.

நிலமுடையோர் கடமை

கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்காமல், சுத்தமான நீரால் கழுவ வேண்டும். உறுத்தல் நீங்காவிடில் அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புதல் நலம். கதிரடிப்போருக்கும் தூற்றுவோருக்கும் காப்புக் கண்ணாடி கொடுக்க வேண்டும். மதுரை வட்டாரக் கிராமங்களில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கீறல் பட்ட கண்களுக்கு மூன்று நாட்கள் களிம்பு இட்டதில், அவை புண்ணாகாமல் ஆறின என்று 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கிராம அதிகாரிகள் சுகாதார ஊழியரைக் கொண்டு இம்முறையை விசாரித்தறிவது பயன் தரும்.

அறுவடை நாளில் கூலியை இழக்க அஞ்சியே கூலியாட்கள் கண் நோயை மறைக்கிறார்கள். மணிக்கொரு முறை மருந்திட வேண்டியவர் வயலில் இறங்கி வேலை செய்ய இயலாது. அந்நாட்களுக்கு உரிய கூலியையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டிச் செலவையும் நிலமுடையோர் தாமே ஏற்பது, விளைச்சலில் சிறு பங்கே ஆகும். அதனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு காக்கப்படும்.